தராசுப் பிடியில் ஒரு ஊக்கு

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அஜ்மானில் அன்று காலை மூடுபனி. எதிர்க் கட்டடத்தின் மேல்மாடிகள் தெரியவில்லை. தேநீர் போட்டுக் குடித்தேன். வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டு, போடும் வரிசையிலேயே மாட்டினேன். முந்தைய நாளின் குறிப்பை டைரியில் எழுதி முடித்தேன். அதன்பிறகு அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து தொங்கு தராசை எடுத்து, சமையலறை வாசல் சட்டத்தில் இதற்கென்றே அடித்து வைத்திருக்கும் கொக்கியில் மாட்டினேன். மறுநாள் என் தம்பி லீவில் ஊருக்குப் போகிறான். நோன்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்ததால் பார்சல்கள் வழக்கத்தைவிட அதிகமாக வரும் என்று தெரியும்.

அது மச்சானின் தராசு. மச்சான் என்றால் என் லாத்தாவின், அதாவது அக்காவின், கணவர். வட்ட முகம், உள்ளே சுருள்வில், கீழே ஒரு இரும்புக் கொக்கி. எதையும் மாட்டாதபோதும் அதன் முள் சுழியத்தில் நிற்காது. ஒரு கோடு தள்ளியே நிற்கும். "வெறுங்கையோட நிக்கக் கூச்சப்படுது மாப்புள" என்பார் மச்சான், சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். பிடியில் சுற்றியிருக்கும் துணி நாடா நைந்துவிட்டது. அந்த நாடாவில் ஒரு ஊக்கு குத்தியிருக்கிறது. பாத்திரம் பண்டங்களைத் துலக்குகிற என் கை அதை மட்டும் எடுத்ததில்லை.

மச்சானை நான் முதலில் அறிந்தது பஹ்ரைனில், மனாமாவின் குதைபியாவில் அவர் கேசட் கடை வைத்திருந்த காலத்தில். நானும் அங்கேதான் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். கடையின் இடது பக்க அலமாரி முழுக்கச் சினிமாப் பாட்டு. வலது பக்கம் மார்க்கச் சொற்பொழிவுகள். "லெஃப்ட்ல சம்பாதிச்சு ரைட்ல பாவமன்னிப்பு தேடுறேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பின்பக்கத்தில் ஒன்றிலிருந்து நான்கு கேசட்டுக்குப் பதிவெடுக்கும் இயந்திரம் நாள் முழுக்க ஓடும். ஆப்கானிஸ்தான் முடிந்து போஸ்னியா, பிறகு செச்னியா என்று தொலைதூர யுத்தங்களைப் பற்றிய பேச்சுகள் அந்த இயந்திரம் வழியாகத்தான் எங்கள் அறைகளுக்கு வந்தன. அன்றைக்கு அது மறைவான காரியமாக யாருக்கும் படவில்லை. பள்ளிவாசல் வாசலில் உண்டியல் இருந்தது, சுவரொட்டி இருந்தது, பெரிய மனிதர்களின் ஆசியும் இருந்தது. போகிறவனைப் பாராட்டினார்கள். அவன் திரும்பி வந்தால் என்ன செய்வான் என்று கேட்டவர்கள் குறைவு.

மச்சானும் போக நினைத்தவர்தான். இதை அவர் மறைத்ததில்லை. ஒரு கேசட்டைப் பதிவெடுக்கும்போது கேட்டுக் கேட்டுக் கண் சிவந்து, ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு, ஆள் சேர்க்கிற இடத்துக்கு நேராகப் போய்விட்டார். அவர்கள் முதலில் கேட்டது பாஸ்போர்ட். பாஸ்போர்ட் இருந்தது அவருடைய கஃபீலின் இரும்புப் பெட்டியில். விசா கொடுத்த முதலாளிகள் பாஸ்போர்ட்டைத் தங்களிடமே வைத்துக்கொண்ட காலம் அது. கஃபீல் "மாஃபி", இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஊரே கஃபீலைத் திட்டுது. நான் மட்டும் ஒவ்வொரு பெருநாளைக்கும் அந்தாளுக்குப் பிரியாணி கொண்டுபோய்க் குடுக்குறேன்" என்பார் மச்சான்.

நியூயார்க் கோபுரங்கள் விழுந்த பிறகு உண்டியல்கள் காணாமல் போயின. வலது பக்க அலமாரியில் பாதி காலியானது. எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். கேசட் சிடியானது, சிடிக் கடை மொபைல் கடையானது. பத்து வருடம் கழித்து அரபு நகரங்களின் சதுக்கங்களில் ஜனங்கள் கூடினார்கள். எங்களுக்குப் பக்கத்திலேயே கூடினார்கள். சில நாடுகளில் மார்க்கத்தின் பெயரால் இயங்கிய கட்சிகள் தேர்தலில் நின்றன, ஒன்றிரண்டு ஜெயித்து, ஜெயித்த வேகத்தில் கவிழ்க்கவும்பட்டன. அடுத்து வந்தவர்கள் கறுப்புக் கொடிக்காரர்கள். கடையில் உட்கார்ந்து இதைப் பேசுகிறவர்கள், இந்த இயக்கத்தார் எல்லாரையும் ஒன்றாகப் போட்டு அரைக்கும்போது மச்சான் ஒத்துக்கொள்ளமாட்டார். "ஓட்டுக் கேக்குறவன் வேற, ஊர்வலம் போறவன் வேற, கழுத்தை அறுக்குறவன் வேற. மூணு பேரும் தாடி வெச்சிருக்கான்னு ஒரே மூட்டையா கட்டாதீங்க. அப்படிக் கட்டினா மூணாவது ஆளுக்குத்தான் லாபம்." அவர் படித்தது ஊர் உயர்நிலைப் பள்ளி வரைக்கும், ஆனால் தன்னை ஒரு பேராசிரியராகவே நினைத்துக்கொண்டு பேசுவார். அதைக் கிண்டல் செய்தால் டீக்குக் காசு தரமாட்டார்.

என் தம்பி அப்போது பஹ்ரைனின் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், சவூதியில் அல் கோபாரில் பொறியாளராக இருந்தான். எங்கள் குடும்பத்தில் நன்றாகப் படித்தவன் அவன்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை பாலம் கடந்து லாத்தா வீட்டுக்குச் சாப்பிட வருவான். 2014இன் பின்பாதியில் அவனிடம் நடந்த மாற்றங்களை நான் வரிசையாகச் சொல்ல முடியும். முதலில் லாத்தா வீட்டுச் சுவரில் இருந்த கல்யாணப் புகைப்படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். அப்புறம் படமெடுப்பது ஹராம் என்று தன் காமிராவை யாருக்கோ கொடுத்துவிட்டான். அப்புறம் சாப்பிடும்போதும் காதில் இயர்ஃபோன் இருந்தது. பேச்சில் புதிய பெயர்கள் வந்தன, எல்லாம் சிரியாவின் ஊர்கள். எங்கள் ஊரின் தெருக்களைவிட அவை அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அடுத்த முறை வந்ததும் லீவில் கிளம்புவதாகவும், நண்பர்கள் மூன்று பேரோடு இஸ்தான்புல்லைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பத்து நாளில் ஊருக்குப் போவதாகவும் சொன்னான். விமானம் பஹ்ரைனிலிருந்துதான்.

அன்று கிளம்பும்போது லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது தப்பா நடந்திருந்தா பொருந்திக்கிடுங்க லாத்தா" என்றான். "நீங்களும் காக்கா" என்று அண்ணன் என்னிடமும் சொன்னான். கடைக்குப் போய் மச்சானிடமும் சொன்னான். அவன் போன பிறகு மச்சான் கடையை அரைக் கதவு சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"மாப்புள, ஹஜ்ஜுக்குப் போறவன்தான் வீடுவீடா போய்ப் பொருந்திக்கிடச் சொல்லுவான். திரும்பி வருவோமோ மாட்டோமோன்னு. இஸ்தான்புல்லு பாக்கப் போறவனுக்கு எதுக்கு அது?"

நான் மனதில் வைத்திருந்ததை எல்லாம், சிரியாவுக்குப் போகிறவர்கள் துருக்கி வழியாகத்தான் போகிறார்கள் என்பதையும், சொன்னேன். பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்துவிடலாம் என்றேன்.

"ஒளிச்சா தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி வேற வாங்குவான். அடுத்த தடவ நம்மகிட்ட வந்து பொருத்தமும் கேக்க மாட்டான்."

போலீஸுக்குச் சொல்வதைப் பற்றியும் பேசினோம். ஒரு பேச்சு வெளியே போனால் அவன் வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடும். சொல்லாமல் இருந்து அவன் போய்விட்டால் அதைவிட மோசமாக முடியும். விமானம் ஏறும் நாள் வரைக்கும் தனக்கு விடும்படி மச்சான் கேட்டார். அன்றும் முடியாவிட்டால் தானே விமான நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிடுவதாக என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். லாத்தாவிடம் எதுவும் சொல்லவில்லை.

தம்பி கிளம்பும் வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால், மச்சான் பழைய டேப் ரெகார்டரை எடுத்து வைத்தார். தான் போகக் கிளம்பியதற்குக் காரணமான அதே கேசட். அரபுப் பேச்சு, இடையிடையே ஒருவர் தமிழில் சொல்லுவார். மச்சான் கையை உயர்த்தி, "இப்ப தண்ணி குடிப்பாரு பாரு" என்றார். டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. "இப்ப அழுவாரு." அழுதார். "நானூறு தடவ பதிவெடுத்திருக்கேன்டா. ஒவ்வொரு தடவையும் தண்ணி குடிச்சிட்டுத்தான் அழுகை வரும். உன் ஃபோன்ல இருக்கிறவரு என்ன சொல்றாரு? அந்த ஊருக்குப் பதிலா இந்த ஊரு. வேற என்ன?"

தம்பி அசையவில்லை. "அவங்க அரசாங்கம் தட்டிக் குடுத்து அனுப்புன ஆளுங்க மச்சான். இவங்க யாருக்கும் கட்டுப்படாதவங்க. நீங்க போகாததுக்குக் காரணம் பாஸ்போர்ட் இல்ல. பயம்."

"பயந்தான்" என்றார் மச்சான். "இல்லேன்னு நான் எங்கடா சொன்னேன்?"

"அங்க புள்ளைங்க சாகுதுங்க. அது பொய்யா?"

"பொய் இல்ல." இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. "புள்ளைங்க சாகுறது நெசம். உன்னக் கூப்புடுறவன் அந்தப் புள்ளைங்களுக்காகக் கூப்புடல."

மச்சான் டேப்பை நிறுத்தினார். கேசட் தோற்றுப்போனதை நான் அப்போதே உணர்ந்தேன். பின்னாளில் அதன் காரணத்தையும் யோசித்திருக்கிறேன். கேசட்டை நாங்கள் எட்டுப் பேர் அறையில் சேர்ந்து கேட்டோம். உருக்கமான இடம் வரும்போது யாராவது ஒருவன் "சோறு ஆறுதுப்பா" என்பான், இன்னொருவன் கக்கூஸுக்கு எழுந்து போவான். பேச்சு எவ்வளவு சூடாக இருந்தாலும் நடுவில் இந்தக் குறுக்கீடுகள் இருந்தன. தம்பி கேட்டது காதுக்குள். அவனுக்கும் அந்தக் குரலுக்கும் நடுவில் சோறு ஆறுவதைச் சொல்ல ஆள் கிடையாது. இந்த இயக்கங்களில் இருபது வருடத்தில் மாறியவை பல: எல்லை, பணம் வரும் வழி, எதிரி யார் என்பது. என் கண்ணுக்குப் பெரிய மாற்றம் இதுதான். முன்பு கூட்டத்தைத் தேடின, பிறகு தனியாளைத் தேடின.

மச்சானிடம் இன்னொரு ஏற்பாடு இருந்தது. எனக்கும் சொல்லாதது. முந்தைய வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று, கண்ணில் பட்ட ஊர்க்காரர்களிடமெல்லாம், "மாப்புள அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போறான். கையில எடை இருக்கு, குடுக்கிறவங்க குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். இஸ்தான்புல்லைப் பற்றி மூச்சு விடவில்லை.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. லீவில் போகிறவன் தன் சாமானைப் பாதியாகக் குறைத்தாவது பிறர் பார்சலுக்கு இடம் விடுவான். மறுப்பது பகையில் முடியும். பார்சலை வாங்கினால் வேலை முடிந்ததென்றும் அர்த்தமில்லை. கொடுக்கிறவர் கடைசியில் தவறாமல் சொல்வது, "நீங்களே கையில குடுத்து, எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்பதுதான். அந்த வீட்டில் போய் உட்கார வேண்டும், டீ குடிக்க வேண்டும், திரும்பி வந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மச்சான் கடை வாசலில் தராசைத் தொங்கவிட்டார். எந்தப் பார்சலையும் கொடுத்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்து, எடை போட்டுக் கட்டுவது அவர் பழக்கம். அன்று பிரிக்கிற வேலையையும் பெயர் எழுதுகிற வேலையையும் தம்பியிடம் தள்ளிவிட்டார். பேரீச்சம்பழம், பால் மாவு, கோடாலித் தைலம், ஒரு உம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, முதல் வகுப்புக்குப் போகும் பெண்ணுக்குச் சக்கரம் வைத்த பை. தம்பியின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே வந்தான்.

"யாரக் கேட்டு இதெல்லாம் வாங்குறீங்க?"

"நீ ஊருக்குப் போறேன்னு நீதானே மாப்புள சொன்னே?"

"பத்து நாள் கழிச்சுன்னு சொன்னேன்."

"அப்ப வெளிய நிக்கிறாங்கள்ல, அவங்ககிட்ட சொல்லிரு. நான் தடுக்கல."

அவன் வெளியே போனான். சொல்லத்தான் போனான் என்று நினைக்கிறேன். வாசலில் ஒரு கொத்தனார் நின்றிருந்தார், சிவகங்கைப் பக்கத்துக்காரர். லேபர் கேம்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. மச்சான் கடையில் ரீசார்ஜ் செய்கிற பழக்கம். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நகைப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே சிறு கம்மல் ஒரு ஜோடி.

"தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து சார். நாந்தான் தாய்மாமன். லீவு குடுக்க மாட்டேன்னுட்டான். நான் போகாட்டியும் கம்மலாவது போகணும்ல? வர்ற புதன்கிழமை. காரைக்குடி ரோட்டுலதான் வீடு, உங்களுக்குப் போற வழி." பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்து, "அதுக்குள்ள போயிருவீங்கள்ல சார்?"

மச்சான் தராசுக் கொக்கியைப் பிடித்தபடி நின்றார். வாழ்நாளில் அவர் அவ்வளவு நேரம் பேசாமல் நின்று நான் பார்த்தது அது ஒன்றுதான். உள்ளே மச்சானின் மகள் கல்லா மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தம்பி அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கொத்தனார் காத்திருந்தார். அவருக்கு அவசரம் இல்லை. அவரைப் பொறுத்தவரை கேட்ட கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு.

"போயிருவேன்" என்றான் தம்பி.

"நெருக்கடியில விழுந்துராம சார்..." என்று கொத்தனார் தயங்கினார். தம்பி தராசுப் பிடியில் மச்சான் எதற்கோ குத்தி வைத்திருந்த ஊக்கைக் கழற்றி, பெட்டியைத் தன் சட்டைப் பையில் போட்டு, பையின் வாயைச் சேர்த்து ஊக்குக் குத்தினான். கொத்தனார் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "புள்ள எப்படி இருக்குன்னு பாத்து வந்து சொல்லுங்க சார். நான் இன்னும் பாக்கல."

அதே தெருவில் இருந்த டிராவல்ஸுக்கு அன்று மாலையே நானும் அவனும் போனோம். இஸ்தான்புல் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த நாள் சென்னைக்கு நேர் விமானத்தில் இடம் இருந்தது. கடைக்குத் திரும்பியபோது மச்சான் கேட்டது, "என்னடா, ஜன்னலோர சீட்டா?" என்பது மட்டும்தான். பிறகு கடையின் பின்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

ஒரு கம்மல் ஒருவன் மனதை மாற்றிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். கொடுத்துவிட்டுப் பிறகு போகலாம் என்றுதான் அன்று நினைத்ததாகத் தம்பியே சொல்லியிருக்கிறான். காதுகுத்து வீட்டில் அவனைப் பந்தியில் உட்காரவைத்தார்கள். குழந்தையின் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டார்கள். காமிராவைக் கொடுத்துவிட்டவன் கைப்பேசியில் படம் எடுத்தான். ஊரில் வீடுவீடாகப் போனான். ஒவ்வொரு வீட்டிலும் திரும்ப ஒன்றைக் கொடுத்தார்கள்: இடியாப்ப மாவு, கருவாடு, ஊறுகாய், பேரன் கிறுக்கிய படம். எல்லாவற்றுக்கும் அதே வாசகம், "நீங்களே கையில குடுத்து, எப்படி இருக்கான்னு பாத்து சொல்லுங்க." மச்சான் கணக்கு இதில்தான் இருந்தது. போகும் பார்சலைவிட வரும் பார்சலை அவர் நம்பியிருந்தார். தம்பி கோபாருக்குத் திரும்பினான். அடுத்த வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து அந்த ஊக்கைத் தராசுப் பிடியிலேயே திரும்பக் குத்திவைத்தான். உலகத்தின் மேல் அவனுக்கிருந்த கோபம் சட்டென்று போகவில்லை. பல மாதங்கள் ஆயின, மச்சானோடு சண்டைகளும் நடந்தன. அந்தக் கோபத்தில் நியாயமான பங்கு இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

அவனோடு போகவிருந்த மூவரில் இருவர் போனார்கள். ஒருவரைப் பற்றி மரணச் செய்தி வந்தது. மற்றவரைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. அவர் உம்மா கைப்பேசியை இன்றும் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறார் என்று தம்பி ஒருமுறை சொன்னான். இதைச் சொன்னபோது மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மச்சான் மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. குதைபியாக் கடையில் இப்போது வேறொருவர் இருக்கிறார். லாத்தா தராசை எனக்குத் தந்தார். கம்பெனி மாறி நான் அஜ்மான் வந்தேன். தம்பியும் பின்னாலேயே வந்தான். இன்று சாமான் அனுப்ப நூறு வழி இருக்கிறது. கார்கோ இருக்கிறது, ஊரில் இருந்தே ஆர்டர் போடலாம். ஆனாலும் அவன் லீவில் போகிறான் என்று தெரிந்தால் ஆட்கள் வருகிறார்கள், பார்சலைவிட அந்தக் கடைசி வாசகத்துக்காக.

சனிக்கிழமை மாலையும் வந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் நான்கு பக்கமும் டேப் ஒட்டிய பெட்டியை நீட்டினார். "பிரிங்க தம்பி" என்றான் என் தம்பி. அவர் முகம் சுருங்கியது. "சந்தேகம் இல்ல. உங்க வாப்பாக்கு என்ன கொண்டுபோறேன்னு தெரிஞ்சாத்தானே குடுக்கும்போது ரெண்டு வார்த்தை பேச முடியும்?" குரல் அவனுடையது, பேச்சு மச்சானுடையது. தலை வழுக்கையும் அப்படியே வந்துவிட்டது என்று சொன்னேன். டீக்குக் காசு தரமாட்டேன் என்றான். கடைசியாக வந்தவர் கொத்தனார். இப்போது ஷார்ஜாவில் ஃபோர்மேன். தங்கச்சி மகள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள், அவளுக்குக் கைக்கடிகாரம். ஒரு சின்னப் பெட்டி.

பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. ஃபஜ்ருக்கு எழுந்து பார்த்தபோது தம்பி கூடத்தில் உட்கார்ந்து, இரவு கட்டி முடித்த பெட்டியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். கடிகாரப் பெட்டியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஊக்கு இருக்கா காக்கா?" என்றான். பனியைப் பார்க்கவோ செடிக்குத் தண்ணீர் ஊற்றவோ போகாமல், அன்றைய முதல் வேலையாக, தராசுப் பிடியிலிருந்து ஊக்கைக் கழற்றி அவனுக்குக் குத்திவிட்டேன்.